உறுதிமொழிப் பதிவேடு

"சார், இந்த ஒன்றை மட்டும் தள்ளி வையுங்கள்" என்றுதான் அவர் கேட்டார். குரலை உயர்த்தவில்லை, கெஞ்சவும் இல்லை. நாங்கள் கட்டிக்கொண்டிருந்த பழைய ஏடுகளின் மூட்டை மேல் ஒரு கையை வைத்தபடி கேட்டார். "எதற்கு?" என்றேன். "அப்பா கைநாட்டு இருக்கிறது." அதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இருபது ஆண்டுகளாக விதவிதமாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "விதி தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் சார். நானும் உறுதிமொழி கொடுத்திருக்கிறேன்" என்றார். பிறகு கயிற்றின் மறுமுனையை அவரே இழுத்துப் பிடித்தார். முடிச்சு என்னுடையது.

விழுப்புரம் - புதுச்சேரி மீட்டர் கேஜ் பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போட இருந்த சமயம் அது. நிலையத்தின் மர அலமாரியைக் காலி செய்து, காலம் கடந்த ஏடுகளைப் பட்டியலிட்டு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. நான் ஸ்டேஷன் மாஸ்டர், அவர் தடம் பிரியும் இடத்தில் வண்டியைத் திருப்பிவிடும் பாயிண்ட்டைக் கவனிக்கும் பாயிண்ட்ஸ்மேன். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அவருடைய அப்பாவும் அதே நிலையத்தில் அதே வேலையில் இருந்தவர்.

ரயில்வேக்கு வெளியே இருப்பவர்களுக்கு அவர் கேட்ட உறுதிமொழிப் பதிவேடு என்னவென்று தெரிந்திருக்காது. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனியாகப் பணி விதிகள் உண்டு. எந்த வண்டியை எந்தத் தடத்தில் வாங்குவது, பாயிண்ட்டை எப்படிப் பூட்டுவது, நிற்கும் வேகன் உருண்டு ஓடாமல் எப்படிக் கட்டுவது என்று எல்லாம் அதில் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர் அதைப் படித்து, புரிந்துகொண்டேன் என்று கையெழுத்திட வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு ஸ்டேஷன் மாஸ்டர் அவருடைய மொழியில் விளக்கிச் சொல்லிக் கைநாட்டு வாங்குவார். விதி மாறினால் மறுபடியும் ஒரு கைநாட்டு. ஆக, அவருடைய அப்பா தன் வாழ்நாளில் எழுத்தோடு கொண்ட உறவு அனேகமாக அந்த ஏட்டில்தான் இருந்தது.

என் பக்கத்திலும் நியாயம் இருந்தது. பட்டியலில் ஏடுகளின் எண்ணிக்கை எழுதிக் கையொப்பமிட்டிருந்தேன். ஒன்று குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். சிறு கணக்குப் பிசகுக்காகக் குற்றப் பத்திரிகை வாங்கி, பதவி உயர்வு நின்று போனவர்களை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். தவிரவும், ரயில்வேயில் விதிக்கு மதிப்பு இருப்பது அலுவலகப் பிடிவாதத்தால் அல்ல. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வராமல் இருப்பது விதியால்தான். ஒன்றில் தளர்ந்தால் இன்னொன்றிலும் தளர்வோம் என்றுதான் எங்களைப் பழக்கினார்கள். அதை இன்றும் நம்புகிறேன்.

ஆனால் ஒரு பழைய ஏட்டால் எந்த வண்டி தடம் புரண்டிருக்கும்?

பணி ஓய்வுக்குப் பிறகு கடலூரில் மகன் வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பாதையின் வரலாற்றை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். சுமார் 38 கிலோமீட்டர் நீளமுள்ள கிளைப் பாதைக்கு இவ்வளவு கதையா என்று எனக்கே வியப்பாக இருந்தது. 1879-இல் திறக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊருக்கு ஆங்கிலேயரின் பாதையிலிருந்து ஒரு கிளை. புதுச்சேரிக்கென்று ஒரு ரயில்வே கம்பெனி, வண்டியை ஓட்டியதோ தென்னிந்திய ரயில்வே. தென்னாற்காட்டு நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய்க்குக் கப்பலேறிய காலம் ஒன்று இருந்தது. வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் என்று போகிற வண்டி, வழியில் ஓர் ஆட்சியிலிருந்து இன்னோர் ஆட்சிக்குள் நுழையும். வயல் அதே வயல், வரப்பும் அதே வரப்பு.

பிறகு 1951-இல் தென்னிந்திய ரயில்வே தென்னக ரயில்வேயில் சேர்ந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான இணைப்புக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2004-இல் 1,000 மில்லிமீட்டர் பாதை 1,676 மில்லிமீட்டர் ஆனது.

இவ்வளவையும் எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்துவிட்டேன். கம்பெனிகளும் அரசாங்கங்களும் கைமாறுகின்றன, பாதையின் அகலம் மாறுகிறது. இரவு இரண்டு மணிக்கு மழையில் கைவிளக்கோடு பாயிண்ட்டை நோக்கி நடந்த ஒருவர்கூட என் நோட்டில் இல்லை.

பாயிண்ட்ஸ்மேனின் குடும்பம் பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஊரைச் சேர்ந்தது. அப்பா அங்கிருந்து நடந்து வந்து இந்தப் பக்கம் வேலை பார்த்தார் என்று அவர் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்படியானால் அந்தக் கைநாட்டு எந்த ஆண்டினது? 1954-க்கு முந்தையது என்றால், பிரெஞ்சுக் குடியாக இருந்த ஒருவர் இந்திய ரயிலின் விதிகளைக் காப்பேன் என்று வைத்த பெருவிரல் அது. ஏட்டின் தலைப்பில் தென்னிந்திய ரயில்வே என்று இருந்ததா, தென்னக ரயில்வே என்று இருந்ததா? கையில் வைத்திருந்தேன். நான் பார்க்கவில்லை.

அதைவிட உறுத்துவது ஒன்று உண்டு. மூட்டை அன்றே போகவில்லை. ஏற்றிச் செல்ல ஆள் வரும்வரை நான்கு நாட்கள் பார்சல் அறையிலேயே கிடந்தது. வில்லியனூர்க் கடைத்தெருவில் ஜெராக்ஸ் எடுத்திருக்கலாம். ஒரு பக்கத்துக்கு ஒரு ரூபாய். எந்த விதியும் மீறப்பட்டிருக்காது, எண்ணிக்கையும் குறைந்திருக்காது. இது எனக்குத் தோன்றியது பல மாதங்கள் கழித்து, வேறு நிலையத்தில், வேறு ஏதோ நகல் எடுத்துக்கொண்டு நின்றபோது. அந்த நான்கு நாட்களும் அவர் காலையில் வந்ததும் பார்சல் அறையைத் திறந்து கூட்டினார். அந்த மூட்டையை நகர்த்தி வைத்துக் கூட்டினார். மறுபடி கேட்கவில்லை. மறுபடி கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? கொடுத்திருப்பேன் என்றுதான் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு அத்தனை உறுதியில்லை.

இதையும் எழுதிவிட வேண்டும். மீட்டர் கேஜ் வண்டி ஓடிய கடைசி நாளில் புதுச்சேரிக்கு ஒரு டிக்கெட் வாங்கி, பயணம் செய்யாமல் பத்திரப்படுத்தினேன். இன்றும் பீரோவில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியது, ஒளிவுமறைவு இல்லை. ஆனால் ஞாபகத்துக்கு ஒரு பொருள் வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது, அதற்கு ஒரு வழியும் கிடைத்திருக்கிறது. என் டிக்கெட் கவுண்ட்டரில் விற்பனைக்கு இருந்தது. அவர் கேட்டதை எந்தக் கவுண்ட்டரிலும் விற்கவில்லை.

பாதை திறந்த பிறகு ஒருமுறை புதுச்சேரிக்கு அந்த வழியாகப் போனேன். சங்கராபரணிப் பாலத்தில் வண்டி ஏறியபோது எழுந்து வாசலுக்கு வந்து நின்றேன். அவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். வீடு எங்கே என்று தெரியும். இறங்கிப் போகவில்லை. போனால் வெறுங்கையோடு போக வேண்டும்.

முடிச்சுப் போடுவதற்கு முன் அவர் அந்த ஏட்டை ஒரு கணம் பிரித்துக் காட்டினார் என்று நினைக்கிறேன். பழுப்பேறிய தாளில் நீலக் கறுப்பு மையில் ஒரு ரேகை, அதன் குறுக்கே வெட்டுத் தழும்பு போல வெள்ளைக் கோடு ஒன்று. மிகத் தெளிவாகத் தெரிகிறது. அன்று அதை உண்மையிலேயே பார்த்தேனா, இல்லை இத்தனை ஆண்டுகளில் நானே அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டேனா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே மனிதர் அவர்தான்.