பெர்த்தாவின் சீதனம், மெர்சிடிஸின் பெயர்: ஸ்டுட்கார்ட்டில் ஒரு நாள்

ஸ்டுட்கார்ட்டின் மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போக எஸ்-பான் ரயிலில் ஏறி நெக்கர்பார்க் நிறுத்தத்தில் இறங்கினால் போதும், மிச்சம் நடக்கிற தூரம்தான். உள்ளே நுழைந்ததும் லிஃப்ட் நேராக உச்சி மாடிக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து வளைந்து வளைந்து இறங்கும் சரிவில் நடக்க நடக்க, காலமும் கூடவே நகர்கிறது. முதலில் நம்மை வரவேற்பது காரல்ல, பாடம் செய்த ஒரு குதிரை!

அதைத் தாண்டினால் கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டி. 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்கு விண்ணப்பித்த வடிவம். (அசல் வண்டி மியூனிக்கின் டாய்ச்சஸ் மியூசியத்தில் இருக்கிறது.) எஞ்சின் 954 சிசி, சக்தி முக்கால் குதிரைத்திறன்தான். பின்பக்கம் குனிந்து பார்த்தேன். பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று படுத்தவாக்கில் கிடக்கிறது. அதைக் கையால் சுழற்றித்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். வட்ட ஸ்டியரிங் கிடையாது, திருப்புவதற்கு ஒரு சின்னக் கைப்பிடி மட்டும்.

இந்த வண்டிக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். பென்ஸின் கூட்டாளியுடைய பங்கை வாங்கித் தொழிலைக் காப்பாற்ற, கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தைக் கொடுத்தவர், பின்னாளில் அவர் மனைவியான பெர்த்தா. 1888 ஆகஸ்டில் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேட்டில் மகன்கள் தள்ளினார்கள். வாங்க ஆளில்லாமல் கிடந்த வண்டியை ஊர் பேச வைத்தது அந்தப் பயணம்தான்.

அடுத்த தளத்தில் எமில் யெலினெக். இவர் எஞ்சினியர் இல்லை, பிரான்சின் நீஸ் நகரில் பணக்காரர்களுக்கு, அப்போது பென்ஸிலிருந்து தனி நிறுவனமாக இருந்த டைம்லரின் காரை விற்ற வியாபாரி. இன்னும் வேகம், இன்னும் தாழ்வான உடல் என்று விடாமல் கேட்டார். டைம்லரின் வடிவமைப்பாளர் வில்ஹெல்ம் மைபாக் உருவாக்கிக் கொடுத்த 35 குதிரைத்திறன் கார், 1901இல் நீஸ் பந்தயங்களை அள்ளியது. காருக்கு யெலினெக் வைத்த பெயர், தன் மகள் மெர்சிடிஸுடையது. சொகுசுக் கார் என்ற அந்தஸ்து தொடங்குவது இங்கேதான். பென்ஸும் டைம்லரும் ஒரே நிறுவனமானது பிறகு, 1926இல்.

போர்க்காலத்தையும் மறைக்கவில்லை. 1944 முடிவில் நிறுவனத்தின் தொழிலாளர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கட்டாய உழைப்பில் இருந்தவர்கள். பளபளப்பைப் பார்க்க வந்தவர்களும் அங்கே நின்று படிக்க வேண்டும்.

இறக்கை போலக் கதவு திறக்கும் 1954இன் 300 எஸ்எல் முன்னால்தான் எப்போதும் கூட்டம். 1955இல் செய்த ஊலன்ஹவுட் கூபே என்ற, பந்தயக் காரை ஒட்டிய மூடிய கூரைக் கார்கள் மொத்தமே இரண்டு. அதில் ஒன்று 2022இல் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது.

திங்கள்கிழமை விடுமுறை. கையில் இன்னொரு நாள் இருந்தால், ஹைடல்பெர்குக்குத் தெற்கே வீஸ்லோக் போய் வாருங்கள். பெர்த்தா வழியில் லிக்ராயின் எரிபொருள் வாங்கிய மருந்துக்கடை அங்கேதான். வாசலில் அவருக்கு நினைவுச் சின்னமும் வைத்திருக்கிறார்கள்.