இறங்கிப் பார்க்காமல் போட்ட கையெழுத்து

பொறியாளராக வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், 2011 அக்டோபர். சென்னைப் புறநகரில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதிக்கும் வேலை. பள்ளம் 2.7 மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் அகலம், முழுக்கக் களிமண், விட்டுவிட்டு மழை வேறு. தினமும் காலையில் என் மேஜைக்கு ஒரு செக்லிஸ்ட் வரும். ஷோரிங் (பக்க மண் சரியாமல் பலகை வைத்துக் கொடுக்கும் முட்டு) அடித்திருக்கிறதா, ஏணி இருக்கிறதா, தோண்டிய மண்ணை ஓரத்திலிருந்து தள்ளிப் போட்டிருக்கிறார்களா என்று 12 கேள்விகள் இருக்கும், நான் சைட் ஆபீஸ் கன்டெய்னரில் உட்கார்ந்தபடியே 12-க்கும் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அது பில்லோடு சேர்த்துக் கொடுக்கவேண்டிய ஒரு காகிதம், அவ்வளவுதான் என்று உண்மையிலேயே நம்பியிருந்தேன்.

ஒரு நாள் காலை எட்டு மணிக்குப் பள்ளத்தை ஒட்டி நடந்து போனபோது ஓரத்திலிருந்து முக்கால் முழம் தள்ளி, பள்ளத்துக்கு இணையாக ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்தேன். பேனா முனை நுழையும் அளவுதான். களிமண் காய்ந்தால் வெடிப்பது வழக்கம்தானே என்று கடந்து போய்விட்டேன். மூன்று நாளாக நனைந்து கிடக்கிற மண் எப்படிக் காயும் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் போதும்.

பதினோரு மணிக்கு இரண்டு பேர் டீ குடிக்க மேலே வந்திருந்தார்கள், ஒருவர் மட்டும் கீழே குழாய் ஜாயின்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரிசல் இருந்த இடத்திலிருந்து மண் அப்படியே பலகை மாதிரி பெயர்ந்து உள்ளே விழுந்தது. இடுப்பு வரை மூடிவிட்டது. பொக்லைன் ஓட்டுநர் உதவுவதற்காக வண்டியைக் கிட்டே எடுக்க, மேஸ்திரி கத்தினார்: "வண்டி வராதே, அந்தப் பக்கமும் விழுந்துடும்!" அந்தக் குரல்தான் அன்றைக்கு ஒரு உயிரைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்துக்குப் பலகை கொடுத்து முட்டு வைத்துவிட்டு, கையாலும் சட்டியாலும் மண்ணை அள்ளி வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. இடது கால் முறிந்திருந்தது. ஈரக் களிமண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு டன் எடை. அது நெஞ்சு வரை ஏறியிருந்தால், தலை வெளியே இருந்தாலும் மூச்சை உள்ளே இழுக்க முடியாது.

அறிக்கையை நான்தான் எழுதினேன். 'தொடர் மழையால் திடீர் மண் சரிவு' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். ஆனால் அதில் திடீர் என்று எதுவுமே இல்லை. மூன்று மணி நேரத்துக்கு முன்பே மண் தகவல் கொடுத்துவிட்டது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

தெரியவில்லை என்பதும் முழு உண்மையில்லை. கல்லூரியில் மண் இயந்திரவியலில் இது 16 மதிப்பெண் கேள்வி. முட்டு இல்லாமல் களிமண் எவ்வளவு ஆழம் வரை தானாக நிற்கும் என்பதற்கு ஒரு எளிய சூத்திரம்: ஒட்டும் வலிமையின் நான்கு மடங்கை மண்ணின் அடர்வெடையால், அதாவது ஒரு கன மீட்டர் மண்ணின் எடையால், வகுக்கவேண்டும். வலிமை 20 கிலோபாஸ்கல், அடர்வெடை 18 கிலோநியூட்டன் என்று வைத்தால் 4.4 மீட்டர் வருகிறது, 2.7 மீட்டர் பள்ளம் தாராளமாக நிற்கும். அதே மண் மழையில் ஊறி வலிமை பாதியானால் 2.2 மீட்டர்தான். மேலே விரிசல் விட்டால் அந்த ஆழம் இன்னும் குறையும், விரிசலுக்குள் தண்ணீர் நின்றால் அது பக்கவாட்டில் தள்ளும், ஓரத்தில் குவித்த மண்ணின் பாரம் அதற்கு மேல். எங்கள் பள்ளத்தில் இவை எல்லாமே ஒரே காலையில் சேர்ந்திருந்தன. இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் படம் போட்டு எழுதியவன் நான், அதே படம் சைட்டில் என் காலடியில் கிடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஒப்பந்தப் புத்தகத்தின் பின்பக்கங்களையும் அதற்கப்புறம்தான் புரட்டினேன். மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகள் அங்கே இருந்தன. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமானால் பக்கங்களைச் சரிவாக வெட்டு அல்லது முட்டுக் கொடு. தோண்டிய மண்ணை ஓரத்திலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அவ்வளவு தள்ளிப் போடு. 30 மீட்டருக்கு ஒரு ஏணியாவது வை. நான் டிக் அடித்த கேள்விகள் எல்லாம் இங்கிருந்து வந்தவைதான்.

நண்பர்கள் சேஃப்டி கோர்ஸ் படி, வளைகுடா போகலாம் என்றார்கள். படித்தேன், பயன்பட்டது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அதிகம் கற்றது, அடுத்த வேலையில் வாடிக்கையாளர் தரப்பில் வந்த, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற ஒரு மூத்த பொறியாளரிடம். பள்ளத்துக்கு வந்தால் முதலில் ஒரு கட்டி மண்ணை எடுத்துக் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார். "தம்பி, நேத்து விரல் இறங்கல, இன்னிக்கு நகம் முழுக்க இறங்குது. நேத்து போட்ட கையெழுத்து இன்னிக்குச் செல்லாது." சேஃப்டி ஆபீசர் என்று ஒருவர் இருக்கிறாரே என்று நான் இழுத்தபோது, "அவர் ஹெல்மெட்டைப் பார்ப்பார், மண்ணைப் பார்க்கவேண்டியது நீதான்" என்றார்.

2014 ஜூன் 28 மாலை சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தார்கள். கைதானவர்களில் பொறியாளர்களும் இருந்தார்கள். அந்த வாரம் எங்கள் ஆபீசில் எல்லோரும் பழைய கோப்புகளை எடுத்துத் தங்கள் கையெழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கறிஞர் தொழில் செய்ய பார் கவுன்சிலில் பதிய வேண்டும், கட்டடக் கலைஞர்களுக்கு 1972 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. பொறியாளர்களுக்கு நாடு முழுமைக்கும் அப்படி ஒரு சட்டம் இல்லை. பட்டம் வாங்கிய அடுத்த மாதமே மூன்று பேர் பள்ளத்தில் இறங்கலாம் என்று கையெழுத்துப் போட வைத்துவிடுகிறார்கள், அதற்குப் பிறகு 30 வருடம் புதிதாக ஒரு வரி படிக்காவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. இது எனக்குப் பெரிய ஆதங்கம்.

இன்னொன்று மொழி. இப்போது பள்ளத்தில் இறங்குகிறவர்களில் பாதிக்கு மேல் பீகார், ஒடிசாக்காரர்கள், எச்சரிக்கைப் பலகையோ தமிழிலும் ஆங்கிலத்திலும். என்னிடம் சேரும் இளைஞர்களுக்கு முதல் நாளே 'ஜல்தி ஊப்பர் ஆவோ' (சீக்கிரம் மேலே வா) என்று இந்தியில் உரக்கச் சொல்லப் பழக்குகிறேன். செக்லிஸ்ட்டைப் பள்ளத்தின் விளிம்பில் நின்றுதான் நிரப்ப வேண்டும், விரிசலைப் பார்த்தால் முதலில் ஆளை ஏற்றிவிட்டு அப்புறம் எனக்குப் போன் செய்யவேண்டும். ஒரு பையன் போன மழையில் அப்படி நிறுத்தினான், மண் விழவே இல்லை. பொக்லைனுக்கு அரை நாள் வாடகை வீண் என்று மேலிடத்தில் கேட்டார்கள். நிறுத்தியது சரி என்று எழுதி நானும் கையெழுத்துப் போட்டேன்.

ஷோரிங் ஏன் அடிப்பதில்லை என்பதற்குப் பணம்தான் காரணம், அது பலருக்கும் தெரியும். நான் பார்த்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் அதற்குத் தனி விலை கிடையாது, தோண்டும் விலைக்குள் அடங்கியது என்று ஒரு வரி இருக்கும். அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதே பணம் என்றால் யார் அடிப்பார்கள்? இப்போது மதிப்பீடு தயாரிக்கும் இடத்தில் இருக்கிறேன், ஷோரிங்கைச் சதுர மீட்டர் கணக்கில் தனி வரியாகப் போடுகிறேன். போன மாதம் அனுப்பிய மதிப்பீட்டில் அந்த வரியைச் சிவப்பில் அடித்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். மண் பரிசோதனை அறிக்கையை இணைத்து, அதே வரியைத் திரும்ப எழுதி அனுப்பியிருக்கிறேன்.