ஸ்ட்ரிக்ட்டா இருக்கணும் சரி, ஆனா எதுல? ரெண்டாவது அட்டெம்ப்ட்ல புரிஞ்சது

முதல் தடவை போட்டித் தேர்வுக்கு படிச்சப்போ என்கிட்ட நானே ரொம்ப கறாரா இருந்தேன். காலைல 4 மணிக்கு எழுந்திரிக்கணும், ஒரு நாளைக்கு 14 மணி நேரம், ஞாயிறு கூட லீவு கிடையாதுன்னு டைம்டேபிள் எழுதி சுவத்துல ஒட்டியாச்சு. ஒரு நாள் 5 மணிக்கு எழுந்துட்டா "போச்சு, இன்னைக்கு அவ்ளோதான்"னு மனசு விட்டுப்போகும், ஒரு மணி நேரம் போனதுக்காக மொத்த நாளையும் தொலைச்சிட்டு ராத்திரி என்னையே திட்டிக்கிட்டு நாளைக்கு 16 மணி நேரம்னு புதுசா ஒரு ரூல் போடுவேன். வீட்லயும் அதே கெடுபிடிதான், தங்கச்சி ஃபோன்ல சிரிச்சு பேசினாலே கத்திடுவேன்.

தேர்வு அன்னைக்கு நடந்தத சொல்றேன். கடைசி கேள்வில ரெண்டே வரி பாக்கி, பெல் அடிச்சிடுச்சு. "சார் ரெண்டே வரி சார்"னு கெஞ்சினேன், கண்காணிப்பாளர் குரல உயர்த்தவே இல்ல, "பேனாவ கீழ வைங்க"ன்னு சொல்லி பேப்பர எடுத்துட்டார். கடைசி வார்த்தை பாதில நின்னு மை இழுத்துக்கிட்டு போயிருந்துச்சு. பல நாள் அவர் மேல அவ்ளோ கோபம். அப்புறம்தான் முன் பெஞ்சுல இருந்த பொண்ணு ஞாபகம் வந்துச்சு, அவங்களுக்கும் பாதிப் பக்கம் பாக்கி இருந்துச்சு, ஆனா பெல் அடிச்சதும் பேனாவ மூடிட்டாங்க. எனக்கு ரெண்டு நிமிஷம் குடுத்திருந்தா அது அவங்களுக்கு பண்ற அநியாயம். பொது இடத்துல கண்டிப்பு இல்லன்னா கெஞ்சத் தெரிஞ்சவனுக்குத்தான் லாபம், அமைதியா ரூல மதிக்கிறவங்கதான் நஷ்டப்படுவாங்க.

அவரோட கண்டிப்புல கோபமே இல்ல, ரூல் ஒண்ணுதான், எல்லாருக்கும் ஒண்ணுதான், முன்னாடியே சொன்னதுதான். என்னோடதுல கோபம் மட்டும்தான் இருந்துச்சு, ரூல் தினமும் மாறிக்கிட்டே இருந்துச்சு. இது புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

ரெண்டாவது அட்டெம்ப்ட்ல ரூல்ஸ குறைச்சேன், ஆனா இருக்கிறத விடவே இல்ல. 6 மணிக்கு உக்காருவேன், 9 வரைக்கும் ஃபோன் வேற ரூம்ல. ஞாயித்துக்கிழமை மாக் டெஸ்ட், அலாரம் அடிச்சா வார்த்தை பாதில இருந்தாலும் பேனா கீழ. முதல் நாலஞ்சு வாரம் ஒரு டெஸ்ட் கூட முடிக்கல, அப்புறம் கை தானா வேகம் பிடிச்சிடுச்சு.

படிச்சதும் புக்க மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாக்கிறதுலயும் கறாரா இருந்தேன், இத தயவுசெஞ்சு விடாதீங்க. 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் பண்ண ஆய்வுல, திரும்பத் திரும்ப படிச்சவங்க அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்போ முந்தினாங்க, ஆனா ஒரு வாரம் கழிச்சு, தன்னையே டெஸ்ட் பண்ணிக்கிட்டவங்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்துச்சு. தேர்வு அஞ்சு நிமிஷத்துல வராதுல்ல?

கெடு விஷயத்துல மட்டும் நம்மள நாமளே நம்பக்கூடாதுன்னு எனக்கு தோணுது. 2002ல ஏரியலி, வெர்டன்ப்ரோக் பண்ண ஆய்வுல, சீரான இடைவெளில வேற ஒருத்தர் கெடு வச்சுக் குடுத்தவங்கதான் நல்லா பண்ணாங்க, தானா கெடு வச்சுக்கிட்டவங்க நடுவுல, எல்லாத்துக்கும் கடைசி நாள் மட்டுமே கெடுவா இருந்தவங்க பின்னாடி. அதனால கூட படிக்கிற ஒரு ஃப்ரெண்டுகிட்ட வாராவாரம் சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்குள்ள ஆன்சர் பேப்பர குடுத்துடணும்னு வச்சுக்கிட்டேன், லேட்டானா அவன் திருத்த மாட்டான், ரெண்டு தடவை நிஜமாவே திருத்தல.

ஒரு நாள் தவறிடுச்சுன்னா? முன்னாடி மாதிரி திட்டிக்கல. 2010ல வோல்னு ஒருத்தர் குழுவோட பண்ண ஆய்வுல, முதல் தேர்வுக்கு படிக்கிறத தள்ளிப்போட்டதுக்காக தன்னையே மன்னிச்சுக்கிட்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்கு கம்மியாதான் தள்ளிப்போட்டாங்க. தவறின நேரத்த விட்டுட்டு மறுநாள் அதே 6 மணிக்கு உக்காந்தேன், சேர்த்து படிச்சு ஈடுகட்டுற பேச்சே இல்ல.

தங்கச்சிகிட்ட மன்னிப்பு கேட்டேன். 9 மணி வரைக்கும் கதவு சாத்தியிருக்கும், அதுக்கப்புறம் நீ எவ்ளோ வேணா பேசுன்னு சொன்னேன். கொஞ்ச நாள்லயே 6 மணிக்கு என் ஃபோன அவளே கேட்டு வாங்கிட்டுப் போக ஆரம்பிச்சா.