அங்கோர் கோயில்களும் அம்மாவின் கருப்பட்டிப் பதமும்

அரையாண்டு விடுமுறையில் கம்போடியா செல்வது என்று முடிவானபோது, வீட்டில் சற்றும் ஆர்வம் காட்டாதவர் அம்மா ஒருவர்தான். திருச்செந்தூருக்குப் போயே இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்ட நிலையில், கோயில் பார்ப்பதற்காகக் கடல் தாண்ட வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. எழுபத்தொரு வயதில் முதல் கடவுச்சீட்டு, முதல் விமானப் பயணம். இருந்தும், பாட்டியை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று பேத்தி பிடித்த பிடிவாதத்தில், பருப்புப்பொடி டப்பாவுடன் எங்களோடு புறப்பட்டார்.

பாங்காக்கில் விமானம் மாறி, அங்கோர் கோயில்களை ஒட்டிய சியெம் ரீப் நகருக்கு வந்து இறங்கினோம். 2023இல் திறக்கப்பட்ட புதிய விமான நிலையம் நகரிலிருந்து வெகு தொலைவில் இருப்பதால், ஊருக்குள் வர ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. கோயில்களைப் பார்க்க மூன்று நாள் அனுமதிச் சீட்டு ஆளுக்கு 62 டாலர். அதில் நம் முகத்தைப் படமெடுத்து அச்சிட்டுத் தருகிறார்கள். பன்னிரண்டு வயது நிரம்பாத மகளுக்குக் கட்டணம் இல்லை. அங்கே கடைகளில் டாலரும் செல்லும், அவர்களுடைய ரியெலும் செல்லும். ஆனால் ஓரம் நகக்கண் அளவு கிழிந்த டாலர் நோட்டைக்கூட எவரும் வாங்குவதில்லை. நான் கொண்டுபோன இருபது டாலர் நோட்டு ஒன்று ஐந்து கடைகள் ஏறி இறங்கி, என்னோடே மதுரைக்குத் திரும்பி வந்துவிட்டது.

முதல் நாள் விடியற்காலை அங்கோர் வாட்டின் குளக்கரையில் சூரிய உதயத்துக்காகக் கைபேசிகளை உயர்த்தி நின்ற கூட்டத்தில் நாங்களும் நின்றோம். உள்ளதைச் சொன்னால், அது அத்தனை பாடுபட்டுப் பார்க்க வேண்டிய காட்சி அன்று. பெரும்பாலான கெமர் (பண்டைய கம்போடிய) கோயில்கள் கிழக்கு நோக்கி அமைந்திருக்க, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்கு எழுப்பிய இக்கோயில் மேற்கு நோக்கியது. ஆகவே காலையில் கோபுரங்களின் கரிய நிழலுருவம் மட்டுமே தெரியும். மறுநாள் மாலை மீண்டும் சென்றபோது, முகப்பு முழுவதும் வெயில் விழுந்து கல்லின் ஒவ்வொரு வரியும் தெளிவாகத் தெரிந்தது. போகிறவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் மாலையில் செல்லலாம்.

மேற்கு வாயிலிலேயே எட்டுக் கைகளுடன் ஆளுயரத்தை மிஞ்சிய திருமால் நிற்கிறார். உள்ளூர் மக்கள் அவருக்குப் பட்டாடை சுற்றி, ஊதுவத்தி ஏற்றி, தங்கள் முறைப்படி வணங்குகிறார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அதன் பிறகுதான் அவருக்கு அந்த இடம் கோயிலாயிற்று. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. சுற்றுச்சுவரின் புடைப்புச் சிற்பங்களை வலப்புறம் திரும்பி, குருக்ஷேத்திரப் போர், சூரியவர்மனின் படை ஊர்வலம், யமனின் தீர்ப்பு என்ற வரிசையில் பார்க்க வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். அப்படிச் சென்றால் கோயில் நம் இடக்கைப் பக்கம் இருக்கும். சாமியை அப்பிரதட்சிணமாகச் சுற்றும் வழக்கம் தன் வம்சத்திலேயே இல்லை என்று அம்மா நின்றுவிட்டார். ஈமச்சடங்கில் சுற்றுவதுபோல வரிசை இடமாக அமைந்ததாலேயே இதனை மன்னனின் ஈமக்கோயில் என்று கருதும் அறிஞர்களும் இருக்கிறார்கள் என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் இராமாயணத்து இலங்கைப் போர் இருக்கும் இடப்பக்கமாகச் செல்ல, நாங்கள் மூவரும் பாண்டவர் பக்கமாகச் சென்றோம். கிழக்குச் சுவரில் தேவரும் அசுரரும் வாசுகியைப் பிடித்து இழுக்கும், 49 மீட்டர் நீளமுள்ள பாற்கடல் முன்னே இரு கட்சியும் சந்தித்தோம்.

பாயோன் கோயிலின் கல் முகங்களையும், வேர்கள் கவ்விய தா புரோம் கோயிலையும் பிள்ளைகள் மிகவும் ரசித்தார்கள். எனக்கு அவற்றைவிடவும் மனத்தில் நிற்பது, கடைசி நாளில் பார்த்த பந்தேய் ஸ்ரெய் என்னும் சிறிய சிவாலயம். 967ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்ட இக்கோயிலை எழுப்பியவர் மன்னர் அல்லர். அரசவையில் குருவாக இருந்த யக்ஞவராகர். இளஞ்சிவப்பு மணற்கல்லில், மரத்தில் இழைத்தது போன்ற வேலைப்பாடு. முகப்பொன்றில் பத்துக் கைகளுடன் சிவன் ஆட, காலடி மட்டத்தில் எலும்பும் தோலுமாக, வற்றிய மார்புடன் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள் என்பதை நான் முன்பே படித்திருந்தேன். ஆனால் நான் வாய் திறப்பதற்குள், "அம்மையார் இங்கே எப்படிடா வந்தாங்க?" என்று அம்மா கேட்டுவிட்டார். இறைவன் ஆடும்போது அவன் அடிக்கீழ் இருக்க வரம் கேட்ட அந்தப் பேயுருவைத் திருவாலங்காட்டில் அவர் பார்த்திருக்கிறார். வெயில் ஏறும் வரை அந்த இடத்தை விட்டு அவர் நகரவில்லை.

அந்தக் கோயிலுக்குச் செல்லும் சாலையில்தான் எங்கள் பயணத்தின் இன்னொரு பாதி இருந்தது. வயல்வரப்பெங்கும் பனைமரங்கள். தமிழ்நாட்டின் மாநில மரம் போலவே கம்போடியாவின் தேசிய மரமும் பனைதான். அம்மா பிறந்தது உடன்குடிப் பக்கம். அவருடைய தந்தை பனையேறி. கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலியில் தாச்சிச் சட்டிக்கு அருகில் வளர்ந்தவர், சாலையோரத்தில் பெரிய வாணலியில் பதநீர் காய்ந்துகொண்டிருப்பதைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் மாசிக்குப் பிறகுதான் பதநீர் பெருகும் என்பதால், மார்கழியில் இறங்கும் பதநீரை அவர் நம்பாமல் முகர்ந்து பார்த்தார். அங்கே மரத்தோடு கட்டிய மூங்கில் ஏணியில் ஏறுகிறார்கள். சிரட்டையில் ஊற்றுவதற்குப் பதிலாகச் சிறு ஓலை வளையங்களில் வார்த்து எடுக்கிறார்கள். காய்ச்சிக்கொண்டிருந்த பெண்மணி வாணலியை இறக்கியபோது, இன்னும் பத்து நிமிடம் கிண்ட வேண்டும் என்று அம்மா கையால் சைகை காட்டினார். அந்தப் பெண்மணி சிரித்துக்கொண்டே மறுத்துத் தலையசைத்தார். மொழி தெரியாத இரு பெண்கள் ஒரு பதத்தைப் பற்றி அத்தனை நேரம் வாதிட முடியும் என்று நான் நினைத்ததில்லை. ஓலைப்பெட்டிகளில் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டோம்.

எட்டு நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தபோது, சமையலறை மேடையில் எறும்புகள் சாரை கட்டியிருந்தன. ஒன்றரை மணி நேர வித்தியாசந்தான் என்றாலும், மூன்று நாள்கள் இரவு எட்டரைக்கே அனைவருக்கும் கண்கள் செருகின. உறைமோர்கூட இல்லாததால் பக்கத்து வீட்டில் கிண்ணத்தை நீட்ட வேண்டியிருந்தது. பயணக்கதையின் முதல் பதிப்பு அந்தக் கிண்ணத்தோடு தெரு முழுவதும் போய்விட்டது. துணிகளை ஊறவைத்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறியதைப் பார்த்து, செம்மணல் தேரிக்காட்டுக்குப் போய்வந்த துணிபோல இருக்கிறது என்றார் அம்மா. மகனுக்கு விடுமுறைக் கணக்குப் பாடம் முழுவதும் மீதம் இருந்தது. நான் அலுவலகத்தில் நானூறு மின்னஞ்சல்களைத் திறந்து மூடினேன். கிழிந்த டாலர் நோட்டு மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

உறவினர்களுக்குக் கொடுத்தது போக மீந்திருந்த கம்போடியக் கருப்பட்டி, பொங்கல் முடிந்த சில நாள்களில் நீர்விட்டுக் கசியத் தொடங்கியது. ஓலைப்பெட்டியின் அடியில் பிசுபிசுப்பைக் கண்ட அம்மாவின் முகத்தில் தெரிந்தது வருத்தம் அன்று. அன்று மாலையே அதைச் சட்டியிலிட்டு இளக்கி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துச் சரியாகப் பத்து நிமிடம் கூடுதலாகக் கிண்டிச் சிரட்டைகளில் ஊற்றினார்.