ஜூன் குறிப்புகள்

ஜூன் 3
ரிப்போர்ட் வரல. வெள்ளிக்கிழமையாம்.

ஜூன் 4
தூக்கம் வரல. ஹெட்போன் மாட்டிக்கிட்டு பிரெஞ்சு இசையமைப்பாளர் ஷோசோனோட 'லெ ருவா ஆர்த்யூஸ்' ஓபரா போட்டேன், ஆர்தர் ராஜா கதைதான். ராஜா பொண்டாட்டி ஜெனியெவ்ரும் ராஜா உயிரா நினைக்கிற லான்சலோவும் ராத்திரில ஒண்ணா இருக்காங்க, வெளிய காவலுக்கு நிக்கிற லியோனெல் விடியப்போகுது பிரிஞ்சிருங்கன்னு பாடறான், யாரு கேக்கறா. வாக்னரோட 'டிரிஸ்டன்' ஓபரா வாடை தூக்கலா இருக்கு. வாக்னர் ஓபரா கேக்க ஹனிமூனுக்கே பைராய்த் போன மனுஷன் ஷோசோன், வாக்னர் விடமாட்டேங்கறாருன்னு அவரே பின்னாடி புலம்பினாரு.

ஜூன் 5
வரல. திங்களாம்.

ஜூன் 6
அக்காவுக்கு தலை வாரினேன். சீப்புல கொத்தா வந்துச்சு, அவ திரும்பறதுக்குள்ள சுருட்டி நைட்டி பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். மூணாவது ஆக்ட் இப்ப வேணாம்னுதான் இருந்தேன், கேட்டுட்டேன். ஜெனியெவ்ர் தன் கூந்தலாலயே கழுத்தை இறுக்கிக்கிட்டு சாகறா. கத்தி இல்ல, விஷம் இல்ல.

ஜூன் 7
இன்னும் ஆறல. லான்சலோ ராஜாவ எதிர்த்து வாள் தூக்க முடியாம சண்டைய நிறுத்த ஓடறான், சரி, ஆனா அவளை தனியா விட்டுட்டுதான ஓடறான், அவன் சாகறப்ப ராஜா வந்து மன்னிக்கிறாரு, அப்புறம் ராஜாவ கூட்டிட்டுப் போக கடல்ல படகு வருது, கோரஸ் வருது, ஜெனியெவ்ருக்கு மட்டும் ஒருத்தரும் வரல. இசை என்னமோ கடைசி காட்சிலதான் உச்சம், அதுவே எரிச்சலா இருக்கு.

ஜூன் 8
கவர் வந்துருச்சு. டாக்டர் வியாழன்தான். பிரிக்காதன்னு மாமா ஆர்டர்.

ஜூன் 10
1899ல இதே நாள் பாரிஸ் பக்கத்துல லிமேங்கற ஊர்ல சைக்கிள் சுவத்துல மோதி ஷோசோன் போயிட்டாரு, 44 வயசு. லிப்ரெட்டோவும், அதாவது ஓபராவோட வரிகளும், தானே எழுதி, 1886லேருந்து 1895 வரைக்கும் உக்காந்து முடிச்ச ஓபரா, ப்ரஸ்ஸல்ஸ் லா மொன்னே தியேட்டர்ல மேடை ஏறினது 1903 நவம்பர்ல. பாரிஸ் ஓபரா முழுசா போட்டதே 2015லதான். மேடையில ஒரு தடவைகூட அவர் பாக்கல.

என்னடி ராத்திரி பூரா கேக்கறன்னா அக்கா. ரெண்டாவது ஆக்ட்ல வர உழவன் பாட்டை மட்டும் போட்டேன். நல்லாருக்கு, அப்புறம் என்ன ஆச்சுன்னா. கரண்ட் போச்சுன்னேன்.

ஜூன் 11
மெஷின் வாங்கிட்டு வா, மொத்தமா எடுத்துரலாம்னு அவளே சொல்லிட்டா. பத்தரைக்கு டோக்கன். மாமா கீழேருந்து கத்தறாரு, ஆட்டோ