மட் கிளையண்டில் ட்ரிகரும் டைமரும்: எதை எங்கே வைப்பது

எழுத்தால் மட்டுமே நடக்கும் மட் விளையாட்டில் சர்வர் அனுப்புவதெல்லாம் வரிகள். நாம் திருப்பி அனுப்புவதும் வரிகளே. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிவைத்த நாள் முதல் இந்த அடிப்படை மாறவில்லை. ஆகவே, குறிப்பிட்ட ஒரு வரி வந்தவுடன் கட்டளையை அனுப்பும் ட்ரிகரும், குறிப்பிட்ட நேரம் கழிந்தவுடன் கட்டளையை அனுப்பும் டைமரும், நம் கணினியில் ஓடி சர்வரோடு பேசும் நிரல்களான கிளையண்டுகளில் இடம்பிடித்ததில் வியப்பில்லை. புதிதாக வருபவர்கள், அமைப்பதற்கு எளிது என்பதற்காகவே, எல்லாவற்றுக்கும் டைமரை வைத்துவிடுகிறார்கள். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரம் ஆனதும் பெரியார் நிலையத்திலிருந்து கிளம்பிவிடும் டவுன் பஸ் டைமர் என்றால், ஆள் நிறைந்த பிறகே நகரும் ஷேர் ஆட்டோ ட்ரிகர். சர்வர் வாய் திறந்து சொல்லும் எதற்கும் ட்ரிகரையே வைக்க வேண்டும் என்பதும், அது ஒன்றும் சொல்லாத இடத்தில், அதுவும் காத்திருக்கவோ காவல் இருக்கவோ மட்டும், டைமரை வைக்க வேண்டும் என்பதும் என் கட்சி.

நான் பயன்படுத்தும் கிளையண்ட் மட்லெட். இலவசமானது, திறமூலம், உள்ளே லுவா என்ற நிரல்மொழி இருக்கிறது. கறுப்புத் திரையிலேயே பழகியவர்களுக்கு டின்டின்++ இன்னும் பொருத்தமாக இருக்கும்; அதில் ட்ரிகருக்கு ஆக்‌ஷன் என்றும், திரும்பத் திரும்ப ஓடும் டைமருக்கு டிக்கர் என்றும் பெயர். கீழே சொல்லப்போகும் முறைகள் இரண்டுக்கும் பொருந்தும்.

முதலில் ட்ரிகர். டிக்குமட் (DikuMUD) என்ற சர்வர் நிரலிலிருந்து கிளைத்த டிக்கு குடும்பத்தைச் சேர்ந்த விளையாட்டுகளில் வயிறு காலியானால் ‘யூ ஆர் ஹங்ரி.’ என்று ஒரு வரி வரும். இதற்கு ‘ஈட் பிரெட்’ என்று அனுப்ப ட்ரிகர் வைப்பதுதான் பெரும்பாலோரின் முதல் முயற்சி. மட்லெட்டில் இந்த வரியை ‘சப்ஸ்ட்ரிங்’ வகையில் கொடுத்தால், வரியின் எந்த மூலையில் அந்தச் சொற்கள் இருந்தாலும் ட்ரிகர் பாய்ந்துவிடும். பக்கத்தில் நிற்கும் இன்னொரு ஆட்டக்காரர் வேடிக்கைக்காக அதே சொற்களைப் பேசினாலும் நம் கதாபாத்திரம் ரொட்டியை எடுத்துத் தின்னத் தொடங்கும். ரொட்டியோடு போனால் பரவாயில்லை. கையிலிருக்கும் ஆயுதத்தைக் கழற்றும் ட்ரிகரோ, ஒருவரைப் பின்தொடரச் சொல்லும் ட்ரிகரோ இப்படி ஏமாந்தால் ஆட்டமே கெடும். எனவே முழு வரியும் அச்சு அசலாகப் பொருந்தினால் மட்டுமே வேலை செய்யும் ‘எக்ஸாக்ட் மேட்ச்’ வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வரியின் வடிவத்தைக் குறிகளால் விவரிக்கும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுத வேண்டிவந்தால், தொடக்கத்தில் ^ குறியையும் முடிவில் $ குறியையும் போட்டு வரியின் இரு முனைகளையும் கட்டிவிட வேண்டும். இடையில் வரும் பெயரைப் பிடித்துக்கொள்ள (.+) என்று எழுதுவது வசதிதான் என்றாலும், யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டுமோ அவருடைய பெயரையே பேட்டர்னில் எழுதிவைப்பது பாதுகாப்பு.

அடுத்தது, தன்னைத்தானே தூண்டிக்கொள்ளும் ட்ரிகர். நாம் அனுப்பிய கட்டளைக்கு வரும் பதிலிலேயே ட்ரிகர் எதிர்பார்க்கும் சொற்கள் இருந்தால் அது மறுபடி கட்டளை அனுப்பும். அதற்கும் அதே பதில் வரும். கண்மூடித் திறப்பதற்குள் சர்வரின் கட்டளை வரிசை நிரம்பிவிடும். டிக்கு குடும்பத்தில் சண்டைச் சுற்று பொதுவாக 2 அல்லது 3 நொடிக்கு ஒன்று என்பதால், அந்த வரிசையில் தேங்கிய குப்பைக் கட்டளைகள் தீர்ந்த பிறகே தப்பி ஓட நாம் தட்டச்சு செய்யும் ‘ஃப்ளீ’ கவனிக்கப்படும். அதற்குள் கதாபாத்திரம் செத்திருக்கும். இங்கேதான் டைமருக்கு முதல் நியாயமான வேலை கிடைக்கிறது. ட்ரிகர் பாய்ந்தவுடன் முதல் காரியமாகத் தன்னையே அணைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, ஒரே முறை ஓடி மறையும் டைமரைத் தொடங்கும் ‘டெம்ப்டைமர்’ என்ற லுவா கட்டளையால் 3 நொடி கழித்துத் தன்னை மறுபடி இயக்கச் சொல்லிவிட்டு, அதன் பின்னரே ரொட்டிக் கட்டளையை அனுப்ப வேண்டும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

டைமரே கட்டாயமாகத் தேவைப்படுவது ‘டிக்’ கணக்குக்கு. டிக்கு வழிவந்த சர்வர்களில் உடல்நலமும் மந்திர சக்தியும் சிறிது சிறிதாக ஊறுவதில்லை. விளையாட்டின் ஒரு மணி நேரம் முடியும் ஒவ்வொரு கணத்திலும் மொத்தமாக ஏறுகின்றன. அந்தக் கணம்தான் டிக். அந்தக் குடும்பத்தின் சர்க்கிள்மட்டில் இந்த விளையாட்டு மணி 75 நொடி. தூங்கிக்கொண்டிருந்தால் கூடுதலாக ஏறும் என்பதால், டிக் விழுவதற்குச் சற்று முன் படுத்து, டிக் விழுந்தவுடன் எழுந்துகொள்பவருக்கு லாபம். ஆனால் டிக் விழுந்தது என்று சர்வர் எந்த வரியும் அனுப்புவதில்லை. 1992-இல் டிக்கு ஆட்டக்காரர்களுக்காக எழுதப்பட்ட பழைய டின்டினில் டிக் எண்ணும் வசதி இருந்ததற்குக் காரணமே இதுதான்.

வெறுமனே 75 நொடி டைமரை ஓடவிட்டால், தொடக்கம் தப்பாக இருந்தால் எல்லாமே தப்பாகும். சர்க்கிள்மட் நிரலைத் திறந்து பார்த்தால் இதற்கு அருமையான ஒரு வழி கிடைக்கிறது. உடல்நலத்தை ஏற்றும் வேலையும், பொழுதை நகர்த்தும் வேலையும் அதில் ஒரே துடிப்பில் அடுத்தடுத்து நடக்கின்றன. ஆகவே ‘த சன் ரைசஸ் இன் த ஈஸ்ட்.’ என்ற வரி வந்த கணமே டிக் விழுந்த கணம். சூரிய உதயம் விளையாட்டு மணி 5-க்கு, பகல் தொடங்கிவிட்டது என்ற வரி 6-க்கு, அஸ்தமனம் 21-க்கு, இரவு தொடங்கியது என்பது 22-க்கு. இந்த நான்கு வரிகளுக்கும் ஒரே ட்ரிகரை வைத்து, அது பாயும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் டைமரைக் கொன்றுவிட்டுப் புதிதாகத் தொடங்கச் செய்தால் கணக்கு தானாகவே நேராகிவிடும். உதயத்துக்கும் பகல் தொடக்கத்துக்கும் இடையே சரியாக ஒரு டிக் மட்டுமே இருப்பதால், சர்வரின் நிர்வாகி 75-ஐ வேறு எண்ணாக மாற்றியிருந்தாலும் அந்த இடைவெளியை அளந்து கண்டுபிடித்துவிடலாம். ஒன்றை மறக்கக் கூடாது: இந்த வரிகள் வெட்டவெளியில் விழித்திருப்பவர்களுக்கு மட்டுமே வரும். குகைக்குள் மணிக்கணக்கில் கிடப்பவரின் டைமரைத் திருத்த யாரும் இல்லை. டிக்கு குடும்பத்தின் மெர்க் என்ற கிளையில் இந்தத் தந்திரமும் பலிக்காது. அங்கே டிக் இடைவெளியே பாதி முதல் ஒன்றரை மடங்கு வரை குலுக்கிப் போடப்படுகிறது. அதை எழுதியவர்கள் ஆட்டக்காரர்களை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

காவல் வேலைக்கு வருவோம். ஒரு மந்திரத்தைச் சொல்லக் கட்டளை அனுப்பிவிட்டு, வெற்றி வரி அல்லது தோல்வி வரி வரும் வரை அடுத்த கட்டளையை நிறுத்திவைக்கிறோம் என்று வையுங்கள். இரண்டுமே வராமல் போனால் மொத்த அமைப்பும் அப்படியே உறைந்துவிடும். எனவே கட்டளையோடு சேர்த்து 5 நொடி டெம்ப்டைமர் ஒன்றைத் தொடங்கி, அது கொடுக்கும் எண்ணை ஒரு மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் வந்தால் அந்த எண்ணைக் கொண்டு டைமரைக் கொல்ல வேண்டும். வராவிட்டால் டைமர் காத்திருப்பை விலக்கிவிட்டு, திரையில் சிவப்பில் ஓர் எச்சரிக்கை காட்டினால் போதும். டைமரே மந்திரத்தை மறுபடி சொல்லக் கூடாது என்பது என் பிடிவாதம்.

எங்கள் திருநகர்ப் பக்கம் மின்சாரம் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், ரௌட்டர் மட்டும் செத்துவிடும். இணைப்பு அறுந்த பின்னும் மட்லெட்டின் டைமர்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பக்கமோ கதாபாத்திரம் சர்வரிலேயே நின்றுகொண்டிருக்கும். சர்க்கிள்மட்டில், ஆளில்லாமல் அடி வாங்கும் கதாபாத்திரம் தானே சண்டையிலிருந்து ஓட முயலும். திரும்பி வரும்போது நாம் நின்ற அறையில் நாம் இல்லாமல் போகலாம். கிளையண்டின் மாறிகளோ பழைய சண்டையையே நம்பிக்கொண்டிருக்கும். இணைப்பு அறும்போது மட்லெட் எழுப்பும் நிகழ்வைப் பிடித்து, எல்லா டைமர்களையும் கொன்று, மாறிகளை வெறுமையாக்கும் சிறு லுவா நிரலைக் கட்டாயம் எழுதிவையுங்கள். அந்த மின்தடை நேரம் வீணாகவும் வேண்டாம்: ‘ஃபீட்ட்ரிகர்ஸ்’ என்ற கட்டளை, நாம் கொடுக்கும் வரியை சர்வரிலிருந்து வந்ததுபோலவே ட்ரிகர்களுக்கு ஊட்டும். ஆகவே நெட் இல்லாமலே, உதய வரியையும் பசி வரியையும் பக்கத்து ஆட்டக்காரரின் குறும்பு வரியையும் மாறிமாறிக் கொடுத்து, எது பாய்கிறது, எது பாயக் கூடாதபோது பாய்கிறது என்று சோதித்துவிடலாம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தெருக் கல்லூரித் தம்பி, “அப்ப நான் டீ குடிக்கப் போனாலும் அது பாட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டே இருக்குமாண்ணே?” என்று கேட்டார். “போடும் தம்பி, கண்டுபிடிச்சா உன்னைய வெளிய தள்ளிருவாங்க” என்றேன். பல சர்வர்களின் விதி, ட்ரிகரைத் தடுப்பதில்லை. விசைப்பலகையின் முன் ஆளில்லாமல் ட்ரிகர் ஆடுவதையே தடுக்கிறது. சர்வருக்குச் சர்வர் இது மாறும் என்பதால், முதல் ட்ரிகரை எழுதும் முன்பே ‘ஹெல்ப்’ பக்கத்தில் அந்த விதியைப் படித்துவிட வேண்டும். நான் எல்லா ட்ரிகர்களையும் டைமர்களையும் தனித்தனிக் குழுக்களில் அடைத்து, ஒரே விசையை அழுத்தினால் இரு குழுக்களும் அணையும்படி வைத்திருக்கிறேன். நாற்காலியை விட்டு எழும்போது எஃப்12-ஐ அழுத்திவிட்டுத்தான் எழுவது.