டோர்னக்கல்: அசரியா பேராயரின் மண்ணில்

விஜயவாடாவிலிருந்து காசிப்பேட்டை செல்லும் ரயில் பாதையில், கம்மத்தைக் கடந்ததும் டோர்னக்கல் சந்திப்பு வருகிறது. இன்று தெலங்கானாவின் மகபூபாபாத் மாவட்டத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில்தான், இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா ஊழியம் செய்து, 1945 ஜனவரி 1 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்கள் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டிய இடம் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்த எனக்கு, இந்தப் பயணம் நெடுநாள் ஜெபத்தின் பதிலாகவே அமைந்தது.

அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில், ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற பிள்ளை என்பதால், வேதாகமத்தில் சாமுவேலைப் பெற்ற அன்னாளைப் போல அவருடைய தாயாரும் மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிட்டார். கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராக இருந்த நாட்களில் அவர் யாழ்ப்பாணம் சென்றார்; அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே மிஷனெரிகளை அனுப்பித் தாங்குவதைக் கண்டு உள்ளம் குத்தப்பட்டுத் திரும்பினார். அதன் கனியாக 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. அந்தச் சங்கம் அன்றைய நிஜாம் ஆட்சிப் பகுதியில் இருந்த டோர்னக்கல்லைத் தன் பணித்தளமாகக் கொண்டது. பிறரை அனுப்பிவிட்டு நாம் பின்தங்குவது தகாது என்று எண்ணிய அசரியா, 1909இல் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு மரியம்மாளோடும் பிள்ளைகளோடும் தாமே அங்கு போய்ச் சேர்ந்தார். பாஷை தெரியாத ஊரில் தெலுங்கை எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டு, மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகச் சென்று, பெரும்பாலும் தீண்டாமைக்கு ஆளான மாலா, மாதிகா சாதி மக்களின் நடுவே அவர் உழைத்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் பேராயராக அபிஷேகம் பெற்ற பிறகும் அந்த நடையும் உழைப்பும் குறையவில்லை.

டோர்னக்கல்லில் அவர் எழுப்பிய எப்பிபனி பேராலயம் ஒரு பார்வையில் பிடிபடும் கட்டடமாக இல்லை. தூரத்தில் தெரியும் குவிமாடங்களும் மினார்களும் ஒரு பள்ளிவாசலை நினைவூட்ட, அருகே சென்றால் கருங்கல் தூண்கள் நம் கோயில் மண்டபங்களுக்கே அழைத்துச் செல்கின்றன. ஆங்கிலேயக் கோபுரங்களைப் பிரதியெடுக்காமல், இந்த நாட்டு மக்கள் தங்கள் வழிபாட்டிடம் என்று உணரும் ஆலயம் வேண்டும் என்பதில் பேராயர் உறுதியாக நின்றார். கால் நூற்றாண்டு காத்திருந்து, 1939 ஜனவரி 6 அன்று அதைப் பிரதிஷ்டை செய்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே சென்று ஒரு தூணருகே அமர்ந்தேன். வெளியே வெயில் கொளுத்தியபோதும் கல் குளிர்ந்திருந்தது. சற்றுத் தள்ளி ஒரு பாட்டி, மடியில் பேரனை வைத்துக்கொண்டு, அவன் கைகளைக் கூப்ப வைத்துத் தெலுங்கில் கர்த்தருடைய ஜெபத்தை வரிவரியாகச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். சொற்கள் முழுவதும் விளங்காவிட்டாலும் அந்த ஜெபத்தில் என்னாலும் கூடவே செல்ல முடிந்தது.

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அசரியா பேசியது அங்கே எனக்கு நினைவுக்கு வந்தது. மேல்நாட்டு மிஷனெரிகள் தங்கள் ஆஸ்திகளைத் தந்தார்கள், சரீரங்களையும் தந்தார்கள் என்று நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். வெள்ளையரிடம் அவர் கேட்ட அந்த நட்பை, தெலுங்கு நாட்டின் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தாமே கொடுத்தார் என்பதே அவருடைய ஊழியத்தின் பெருமை என்று நான் நம்புகிறேன். ஞானஸ்நானம் பெறுபவர் தம் கையைத் தலைமேல் வைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லும்படி அவர் செய்தார். நேற்றுவரை ஊருக்குள் தலைநிமிர முடியாதிருந்த ஒருவரை, அந்தக் கணமே ஊழியராக எண்ணிய பேராயர் அவர். அவருடைய காலத்திலேயே, அவர் பொறுப்பிலிருந்த சபைகளின் பகுதியான டோர்னக்கல் திருமண்டலத்தின் விசுவாசிகள் இரண்டு லட்சத்தைத் தாண்டியதற்கு அந்தக் கிராமத்துச் சாட்சிகளே முதற்காரணம்.

பேராலய வளாகத்தில் உள்ள அவருடைய கல்லறையின் முன் நின்று ஜெபித்தேன். 1919இல் தரங்கம்பாடியில் கூடித் திருச்சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கையிட்டவர்களில் அவர் முன்நின்றவர். அந்த ஐக்கியத்துக்காக வாழ்நாள் முழுவதும் உழைத்தும், 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானதை அவர் காணவில்லை. நான் ஞானஸ்நானம் பெற்றதும் திருவிருந்தில் பங்குபெறுவதும் அந்தத் திருச்சபையில்தான் என்பதால், நன்றி சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

செல்ல விரும்புவோர் ஞாயிறு காலை ஆராதனைக்கு அங்கிருக்கும்படி பயணத்தை அமைத்துக்கொள்வது நல்லது. ஜனவரி முதல் வாரத்தில் சென்றால் பேராயரின் நினைவு நாளும், பேராலயம் பிரதிஷ்டை செய்யப்பட்ட நாளும் அந்தச் சில நாட்களுக்குள்ளேயே வந்துவிடும்.